உமிமணி போட்ட நாற்றங்கால்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டானது. சிக்னல் போய்விட்டது என்று பிறகு அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் கோபத்தில் வைத்தேன். திரும்பக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னை முழு வாக்கியம் பேச விடமாட்டாய், நடுவில் புகுந்து "புரியுதும்மா, புரியுதும்மா" என்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கணக்கைப் பாதி படித்துவிட்டு விடையை எழுதுகிறவன். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னது இதுதான். உங்கள் கம்பெனி முலாம் பட்டறைகளுக்கு வடிகட்டிகள் விற்கிறது. கழிவுத் தண்ணீரில் இருக்கிற நிக்கல், செம்பு, குரோமியம் எல்லாவற்றையும் உள்ளே இருக்கிற மணிகள் பிடித்துக்கொள்கின்றன. பிடித்துப் பிடித்து நிறைந்துபோன மணிகள் ஓசூரில் மலையாகக் குவிந்துவிட்டன. அபாயக் கழிவு என்று முறைப்படி அனுப்பினால் செலவு. அதனால் அவற்றை மக்கிய உரத்தோடு கலந்து, 'மண் ஊட்டம்' என்று பெயர் வைத்து, டெல்டா விவசாயிகளுக்குக் குறுவை நாற்றங்காலுக்கு இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள். பாதுகாப்பானது என்று பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பொறியாளர் நீ. வருகிற திங்கட்கிழமைக்குள் போட வேண்டும். "சோதனையெல்லாம் வரம்புக்குள்ளதாம்மா இருக்கு, உமியும் இறால் ஓடும்தானே, நீ பண்ணுன அதே சாமான்தானே" என்று கேட்டாய். அதுவரை பொறுமையாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய் பார், "பெரியப்பா மாதிரி வயல் மண்ணைச் சுரண்டிக் காளவாய்க்கா விக்கிறோம், விவசாயிக்கு நல்லதுதானே பண்றோம்" என்று. அப்போதுதான் வைத்தேன்.

உன் பெரியப்பா மண்ணை விற்கவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். உன் கையெழுத்தைப் பற்றிய என் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகத் தேட வேண்டியதில்லை.

நான் தஞ்சாவூர்க் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்த காலம் உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். நீ மூன்றாம் வகுப்பு. வீட்டில் என் சேலையெல்லாம் இறால் நாற்றம் அடிக்கிறது என்று நீயும் அப்பாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பீர்கள். நாகப்பட்டினத்தில் இறால் உரிக்கிற கொட்டகைகளில் ஓட்டைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். ஒருமுறை இரண்டு சாக்கு நிறைய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். திருவாரூர் தாண்டியதும் கண்டக்டர் வந்து, "அம்மா, டிக்கெட் காசு திருப்பித் தர்றேன், தயவு பண்ணி எறங்கிக்குங்க" என்றார். நான் இறங்கவில்லை. கல்லூரி ஆசிரியை, ஆராய்ச்சி, அரசாங்கம் என்று என்னென்னவோ சொன்னேன். பின்னால் இருந்த மீன்கார அம்மா ஒருவர்தான், "எங்க கூடைய மட்டும் ஏத்துறீல்ல, இதையும் ஏத்து" என்று சண்டை போட்டுக் காப்பாற்றினார். அந்த ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறிக் கழுவினால் வெள்ளைச் செதில்களாக ஒரு பொருள் வரும். கைட்டோசான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை வினிகரில் இருக்கிற அமிலத்தில் கரைத்தால் கூழ் மாதிரி ஆகும். நம் ஊர் மில்லில் கிடைக்கிற உமியைக் காற்றுப் படாமல் கருக்கி, பொடித்து, அந்தக் கூழில் கலந்து, ஊசிக் குழாயால் காரத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி அளவில் கறுப்பு மணியாக இறுகிவிடும். நான் அதற்கு உமிமணி என்று பெயர் வைத்தேன். உங்கள் கம்பெனி வைத்திருக்கிற ஆங்கிலப் பெயரை விட இது நல்ல பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கும்பகோணம் சாலையில் ஒரு பட்டறைக்காரர் குத்துவிளக்குக்கு நிக்கல் முலாம் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கை அலசிய தண்ணீர் பச்சையாக வாய்க்காலுக்குப் போகும். அந்த வாய்க்கால் எந்தெந்த வயலுக்குப் பாய்கிறது என்று அவருக்கும் தெரியும், வயல்காரர்களுக்கும் தெரியும். ஆட்சி மாறும்போதெல்லாம் இவர்கள் மனு எழுதுவார்கள், அவர் யாரையாவது போய்ப் பார்ப்பார், தண்ணீர் பச்சையாகவே ஓடும். நான் போய்க் கேட்டபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பட்டறைய மூடச் சொல்லாம வேற எது சொன்னாலும் செய்றேன் டீச்சர்" என்றார். இரும்புப் பீப்பாய்களில் உமிமணியை நிரப்பி வைத்தோம். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கீழே நிறமே இல்லாமல் வந்தது. பரிசோதித்துப் பார்த்தால் நிக்கலும் செம்பும் பெயருக்குத்தான் மிச்சம் இருந்தன. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் உன்னைப் பெற்ற அன்றைக்குக் கூடப் பட்டேனா என்று தெரியாது. கோபித்துக்கொள்ளாதே, அன்றைக்கு வலியும் இருந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாங்கள் நிக்கலை அழிக்கவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்து மணிக்குள் வைத்தோம், அவ்வளவுதான். மணி நிறைந்ததும் கல்லூரிக்குக் கொண்டுவந்து, நீர்த்த அமிலத்தில் கழுவி, உலோகத்தைத் தனியே பிரித்தெடுத்து, மணியை மறுபடி பீப்பாய்க்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டறையிலிருந்து நிறைந்த மணிகள் சாக்கில் கட்டி வேனில் வரும். எந்தச் சாக்கு? உமி எந்தச் சாக்கில் மில்லிலிருந்து போனதோ அதே சாக்கு. மில்லின் பெயர் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும்.

இங்கே கொஞ்சம் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் உன் பெரியப்பா இரண்டு இடத்தில் சாகுபடி செய்துகொண்டிருந்தார். ஒன்று நம் சொந்த நிலம், சின்னது. இன்னொன்று ஆற்றங்கரைப் பக்கம் இருந்த மேட்டுவயல், மிராசுதார் குடும்பத்துக்குச் சொந்தம், உன் தாத்தா காலத்திலிருந்து நமக்குக் குத்தகை. மிராசுதார் இறந்ததும் சென்னையில் இருந்த அவர் மகன் நிலத்தை மனை போட்டு விற்க நினைத்தார். குத்தகைக்காரனைச் சும்மா வெளியேற்றச் சட்டம் விடாது. உழுகிறவன் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லித்தான் எல்லாரும் ஓட்டு வாங்கினார்கள், சட்டமும் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு இடம் இருந்தது. குத்தகைக்காரன் நிலத்துக்குக் கேடு செய்தால் அவனை வெளியேற்றலாம். மிராசுதார் மகன் வைத்த ஏஜெண்ட் அந்த ஒரு வரிக்காகத்தான் தினமும் சைக்கிளில் நம் வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பா கட்சியில் கிளைச் செயலாளர், மேடையில் நிலத்தைப் பற்றி நன்றாகவே பேசுவார். ஏஜெண்ட் எதிர்க்கட்சி. ஆகையால் இது வயல் சண்டையாக மட்டும் இல்லை.

அந்த வருடம் மேட்டூர் திறக்கத் தாமதமானது. காவிரித் தண்ணீர் கேட்டுக் கடையடைப்பு, சாலை மறியல். தஞ்சாவூர் வரும் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், கல்லூரியும் பூட்டு. மணிச் சாக்குகளோடு வந்த வேன்காரர் பாதி வழியில் மாட்டிக்கொண்டார். திரும்பவும் பட்டறைக்குப் போக மனமில்லாமல், 'டீச்சர் வீடு' என்று அவருக்குத் தெரிந்த ஒரே இடத்தில், ஊரில் பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில், சாக்குகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். பெரியப்பா அப்போது மறியலில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் யாரிடமும் விவரம் சொல்லவும் இல்லை.

வருடா வருடம் நாற்றங்கால் போடுகிற சமயத்தில் மில்லிலிருந்து கருகிய உமி சாக்கில் வரும். விதை விடுவதற்கு முன்னால் அதைச் சேற்றில் தூவி விடுவது நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுபடாமல் வரும், மண் பொதபொதவென்று இருக்கும் என்பார்கள். மறியல் முடிந்து வந்த பெரியப்பா கொட்டகையில் மில் சாக்கைப் பார்த்தார். உள்ளே கையை விட்டார், கறுப்பாக உமிக்கரி. இந்த வருடம் உருண்டை உருண்டையாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தாராம். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் போர்வெல் தண்ணீரை வைத்து மேட்டுவயலில் நாற்றங்கால் தயாராக இருந்தது. பசுந்தழையைச் சேற்றில் மிதித்து, உமிமணி அத்தனையையும் தூவி, விதையும் விட்டுவிட்டார். டெல்டாவில் வேறு எந்த விவசாயியாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

கடையடைப்பு முடிந்து கல்லூரி திறந்ததும் சாக்குகள் எங்கே என்று நான் பட்டறைக்குக் கேட்டு அனுப்பினேன். வந்துவிட்டது என்றார்கள். எங்கே வந்தது என்று விசாரித்து முடிப்பதற்குள் நாற்று முளைத்துவிட்டது. விடுமுறை நாளில் ஊருக்குப் போனேன். பெரியப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். நாற்று மஞ்சளாக, வளர்ச்சி இல்லாமல் குந்தியிருந்தது. "துத்தநாகம் பத்தலன்னு நெனைக்கிறேம்மா. கடையில மருந்து வாங்கி அடிச்சிட்டேன். ஒண்ணும் கேக்கல" என்றார். நான் சேற்றில் கையை விட்டேன். என் உமிமணி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாதி மணிகள் உருண்டையாகவே இல்லை, கூழாகி நசுங்கின. சோதனைச் சாலையில் நான் அமிலம் ஊற்றிச் செய்ததை அழுகுகிற தழை தானாகவே செய்துகொண்டிருந்தது. மண்ணில் இருக்கிற பூச்சி புழுவுக்கு இறால் ஓட்டுச் சத்து நல்ல சாப்பாடு. அவை மணியைத் தின்றுவிட்டு நிக்கலை மண்ணுக்கே விட்டிருந்தன.

மண்ணையும் நாற்றையும் எடுத்துப் போய்ப் பரிசோதித்தேன். மோசமாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பா, அப்பா, நான் மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்து பேசினோம். அப்பா சொன்னது, இதோ இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறார், அதனால் மாற்றாமல் எழுதுகிறேன்: "நாத்த அழிச்சிட்டு ஆழமா உழுது விட்டுருவோம். மேட்டுவயல் முழுக்கக் கலந்துட்டா அளவு கொறஞ்சிரும். யாருக்குத் தெரியப்போவுது?" அதில் ஒரு கணக்கு நியாயம் இருந்தது. கலந்துவிட்டால் சோதனையில் வரம்புக்குள்தான் வரும். நீ சொல்கிற அதே வரம்பு.

பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "கலந்தா போயிருமா, இல்ல தெரியாம இருக்குமா?"

"போகாது மாமா. தெரியாம இருக்கும்" என்றேன்.

"வெளைஞ்சா அரிசிக்கு வருமா?"

"கொஞ்சம் வரும். எவ்வளவுன்னு இப்ப சொல்லத் தெரியாது."

"அப்ப எடுத்துருவோம்" என்றார்.

எடுப்பதென்றால் என்ன என்று ஓசூரில் உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரியாது. குத்தகை வயலிலிருந்து மேல்மண்ணை வெட்டி டிராக்டரில் ஏற்றினால் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. குத்தகைக்காரன் செங்கல் காளவாய்க்கு மண் விற்கிறான். நிலத்துக்குக் கேடு. ஏஜெண்ட் காத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வரி. மண்ணை விட்டுவைத்தால் நிலம் நம்மிடம் இருக்கும், எடுத்தால் போய்விடும். அப்பா அதைத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். பெரியப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை, குத்தகை வழக்கில் வாய்தாவுக்கு வாய்தா நடந்துகொண்டிருந்தவர் அவர்தானே. "இந்த மண்ணக் கலந்துட்டு மேட்டுவயல்ல நட்டுட்டேன்னு வை. அறுத்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்து நம்ம புள்ளைக்குத்தான் பொங்கிப் போடணும். எனக்குக் கையி வராதுடா" என்றார். நம்ம பிள்ளை என்றால் நீ. அவருக்குப் பிள்ளை இல்லை.

மறுநாள் காலையில் ஆட்களை வைத்து நாற்றங்கால் முழுவதும் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டினார். டிராக்டர் கும்பகோணம் சாலையில் போனது. காளவாய்களும் அந்தச் சாலையில்தான் இருந்தன, முலாம் பட்டறையும் அங்கேதான். மண் போனது பட்டறைக்கு. அதன் பின்கட்டில் சிமெண்ட் தொட்டி கட்டி, உள்ளே தார்ப்பாய் விரித்து, கொட்டி, மேலே பலகைக்கல் போட்டுப் பூசினோம். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்தத் தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போய் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்வேனே, அதில் பாதிக் கோயில்தான். வெட்டிய இடத்து மண்ணையும் அக்கம்பக்கத்து வயல்களையும் வாய்க்காலையும் திரும்பத் திரும்பப் பரிசோதித்தேன். வேறு எங்கும் பரவவில்லை. மணியின் வேலை அந்த அளவுக்காவது உதவியது.

ஏஜெண்ட் வரப்பில் நின்று போட்டோ எடுத்து, அதைக் குத்தகை வழக்கில் சேர்த்துவிட்டார். விசாரணை அன்றைக்கு நானும் போயிருந்தேன், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி போட்டோவைக் காட்டி, "மண்ணை எடுத்தது நீங்கதானா?" என்று கேட்டார்.

"நாந்தாங்க."

"எங்கே கொண்டுபோனீங்க? காளவாய்க்கா?"

பெரியப்பா போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி நல்ல மனிதர். "சொல்லுங்கய்யா, காரணம் இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று மறுபடியும் கேட்டார். நான் எழுந்தேன். எழுந்து, ஐயா என்று வாயெடுத்தும்விட்டேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கையை லேசாகக் கீழே அமர்த்தினார், பந்தியில் எழுந்திருக்கிறவரை உட்காரச் சொல்வார்களே, அப்படி. நான் உட்கார்ந்தேன். "எடுத்தது உண்மைங்க. எங்க போச்சுங்கறத விட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். மேட்டுவயல் போய்விட்டது.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அவரிடம் சண்டை போட்டேன். ஏன் தடுத்தீர்கள், நான் சொல்லியிருப்பேனே என்றேன். என் வேலைக்கு ஆபத்து வரும் என்று நினைக்கிறார் என்றுதான் எண்ணினேன். அதுவும் அவர் மனதில் இருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு. "ஏம்மா, விசக் கழிவு கெடந்த ஊருன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா அடுத்த அறுவடைக்கு எந்த வியாபாரி வருவான்? ஒரு நாத்தங்கால்லதான் கெடந்துச்சு, எடுத்தாச்சுன்னு எவன் வெளக்கமாப் படிப்பான்? எம்மேல பழின்னா நான் ஒருத்தன். ஊரு நெல்லு மேல வந்துச்சுன்னா?" என்றார்.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும், தெரிந்த விதத்தில். உழுகிறவனுக்கு நிலம் என்று மேடையில் பேசியவன் மண்ணை விற்றுவிட்டான் என்று ஊர் பேசியது. "மண்ண வித்தவன வச்சிக்கிட்டு எப்படி ஓட்டுக் கேக்குறது" என்று கிளைச் செயலாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் அவரோடு மறியலில் உட்கார்ந்தவர்கள். குடித்துத் தீர்த்துவிட்டார் என்றும் கதை கட்டினார்கள். அவர் காப்பியில்கூடச் சர்க்கரை அதிகம் போட்டுக்கொள்ளாத மனிதர். நீ பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொல்லிக் கேட்டு வந்து அழுதாய். அன்றைக்கே உன்னிடம் சொல்ல வந்தேன், பெரியப்பா விடவில்லை. "சின்னப் புள்ள, எங்கயாச்சும் சொல்லிப்புடும்" என்றார். நீ வளர்ந்த பிறகும் மேட்டுவயலில் வேறு யாரோ நெல் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் அப்போதும் சொல்லவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் வரிசையில் அவர் பெயர் வேண்டாம் என்றாய். அப்பாவும் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவர் பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டு, "அச்சு நல்லா வந்திருக்கு" என்றார். கல்யாணத்தன்று மூன்று பந்திக்கும் நின்று சாம்பார் வாளி தூக்கியது அவர்தான். நீ மேடையிலிருந்து பார்த்தாய், எனக்குத் தெரியும்.

இப்போது மேட்டுவயல் மனைகளாகிவிட்டது, சுற்றிலும் வீடு கட்டிவிட்டார்கள். அங்கே நெல் இல்லை. இனிச் சொன்னால் யாருடைய அறுவடையும் கெடாது. அதனால் அவரைக் கேட்காமலே உன்னிடம் சொல்கிறேன். அவர் என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. நீ அனுப்பிய தாள்களைப் படித்தேன். மணியைச் சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்திருக்கிறீர்கள், உலோகம் வெளியே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வராதுதான். தண்ணீரில் வராமல் இருக்கத்தானே அந்த மணியைச் செய்தோம். நாற்றங்கால் என்பது தண்ணீர்த் தொட்டி இல்லை, தம்பி. அங்கே தழை அழுகும், புளிப்பு ஊறும், வேர் உறிஞ்சும், புழு தின்னும். அதையெல்லாம் வைத்து யாரும் சோதிக்கவில்லை. நிறைந்த மணியை என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும். அமிலத்தில் கழுவி நிக்கலைத் திரும்ப எடுக்கலாம், உங்கள் வாடிக்கைக்காரர்களுக்கே அதை விற்கலாம். கழுவிக் கழுவித் தேய்ந்த கடைசி மணியை அபாயக் கழிவு என்று பெயர் போட்டு அனுப்ப வேண்டும். மேலே இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் உன்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். எடுத்தாலும் எடுப்பார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, மருமகள் மாசமாக இருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று காலையில் பெரியப்பா பஸ் ஏறி இங்கே வந்திருந்தார். கூட்டுறவு சங்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம், ஓசூர்க் கம்பெனி குறுவைக்கு இலவசமாக மண் ஊட்டம் தருகிறது, வேண்டுபவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. உன் கம்பெனி என்று தெரிந்ததும் போய் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன சாமான் என்று தெரியுமா மாமா என்று கேட்டேன்.

"தெரியும்மா. ஒன்னோட உருண்டைதானாம்ல? அந்தக் காலத்துல நமக்கு வெவரம் பத்தல. இப்பப் பக்குவம் பண்ணிட்டாங்களாம், தம்பிதான் பாத்துக் கையெழுத்துப் போடுதாம். ஊர்ல நாலு பேரு யோசிச்சானுவ. 'எங்க வீட்டுப் புள்ள கையெழுத்துப் போட்ட சாமான்யா, கண்ண மூடிக்கிட்டு வாங்கு'ன்னு சொல்லிப்புட்டேன். எல்லாரும் பேரு குடுத்துட்டானுவ" என்றார்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு ஊர் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறது, அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். சொந்த நிலத்தில் நாற்றங்காலுக்கு உழுது போட்டுவிட்டாராம், தழைகூட வெட்டியாகிவிட்டது. சாக்கு வந்தால் பிரித்துத் தூவிவிடுவார், தம்பி. இந்த முறை கையில் எடுத்துக்கூடப் பார்க்கமாட்டார். உன் பெயர் போட்டிருக்கும்.

அம்மா